சமரசம் என்ற சொல்: மாஸ்ரரிடம் கேளுங்கள்

கொட்டாஞ்சேனையிலிருந்து: சேர், சமர் என்றால் போர். போரை நிறுத்துவதால்தான் சமரசம் என்ற பெயர் வந்ததா?

இல்லை தம்பி. சம, ரசம் என்று பிரிக்க வேண்டும். வடமொழிச் சொல். ரசம் என்றால் சாறு, சுவை. எல்லாம் ஒரே சுவையாகி நிற்கும் நிலை சமரசம்.

வீட்டில் சொதி வைப்பதைப் பாருங்கள். பால் கொதிக்கும்போது தேசிக்காய்ப் புளி விட்டால் திரைந்துபோகும். இறக்கி, கொஞ்சம் ஆறவிட்டுப் புளி விட்டால் பாலும் உப்பும் புளியும் சேர்ந்து தனிச் சுவை ஒன்று வரும். புளி தன் புளிப்பை விடுவதில்லை, பாலும் கெடுவதில்லை. எனக்கு இந்தச் சொல் விளங்கியது அம்மாவின் சொதிச் சட்டியில்தான். தாயுமானவர் 'வேதாந்த சித்தாந்த சமரச நன்னிலை' என்று பாடியதும் இந்தப் பொருளில்தான். பிணக்குத் தீர்ப்பது என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது.

தெஹிவளையிலிருந்து: 'சமரசம் செய்யாத தலைவர்' என்று புகழ்கிறார்களே, அப்போ சமரசம் கெட்டதா?

ஆங்கிலத்துக் 'கொம்ப்ரமைஸ்' சொல்லைத் தமிழாக்கப்போய் ஒட்டிக்கொண்ட பொருள் அது. அந்த இடத்தில் 'விட்டுக்கொடுக்காத' என்று எழுதுங்கள், போதும். நல்ல சொல்லொன்று வசைச்சொல்லாவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மருதானையிலிருந்து: சண்டை தீர்ந்தால் வாப்பா 'ராஜியாகிட்டாங்க' என்பார். இது என்ன சொல் சேர்?

மூலம் அரபு. பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்தது. நபித்தோழர் பெயரோடு 'ரழியல்லாஹு அன்ஹு' சொல்கிறீர்களே, அதே வேர்தான். மனம் பொருந்துவது என்று பொருள். இராஜினாமாவும் இதன் பிள்ளைதான். வழக்கை முடித்துக்கொள்ள எழுதிக்கொடுத்த சம்மதப் பத்திரத்தின் பெயர், வேலையை விடும் கடிதத்துக்குப் போய்விட்டது.

வெள்ளவத்தையிலிருந்து: மாஸ்ரர், மத்தியஸ்த சபைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. சிங்களத்தில் 'சமத மண்டலய' என்று இருக்கிறது. சமதவும் சமரசமும் ஒன்றா?

காதுக்குத்தான் கிட்ட, வேர் வேறு. சமத பாளிச் சொல், தணித்தல் என்று பொருள். சாந்திக்கும் அதே வேர். பிக்குகளிடையே வரும் பிணக்கைத் தீர்க்க, அவர்களுடைய ஒழுக்க விதி நூலான விநயபிடகம் சொல்லும் 7 வழிகளுக்கும் சமத என்றுதான் பெயர். மத்தியஸ்தர் என்றால் நடுவில் நிற்பவர். ஒரே சபைதான், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. சிங்களப் பெயர் சூடு தணிவதைப் பார்க்கிறது, தமிழ்ப் பெயர் ஆள் நிற்கும் இடத்தைப் பார்க்கிறது. பயப்படாமல் போங்கள். அங்கே யாரும் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால்தான் தீர்வு.

அவரே: தமிழிலேயே ஒரு சொல் இல்லையா?

இருக்கிறது. இணக்கம். அந்தச் சபையை இணக்க சபை என்று சொல்கிறவர்களும் உண்டு, நானும் அப்படித்தான் சொல்வேன்.