எந்த டிகிரி என்று கேளுங்கள்: கேள்வி-பதில்

கேள்வி: வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத தண்ணீர் பாட்டில். கொதிக்கும் தண்ணீரை ஊற்றியதும் சுருங்கிக் கோணிக்கொண்டது. இந்தப் பிளாஸ்டிக் 250 டிகிரி செல்சியஸில்தான் உருகும் என்று படித்திருக்கிறேன். மட்டமான சரக்கா?

பதில்: சரக்கு சரியானதுதான். அடியில் 1 என்று போட்டிருக்கும், பாருங்கள். அது பெட் (PET) என்ற பிளாஸ்டிக். உருகுவதற்கு 250 டிகிரி வேண்டும், உண்மை. ஆனால் 70, 80 டிகிரியிலேயே விறைப்பு போய் இளகத் தொடங்கிவிடும். ஊதி இழுத்துச் செய்த பாட்டில் என்பதால் இளகியதும் பழையபடி சுருங்கப் பார்க்கும். உருகும் டிகிரி ஆலைக்காரர் கவலை. வாங்குபவர் கேட்கவேண்டியது இளகும் டிகிரியை.

கேள்வி: டப்பா மூடியை அணைத்த அடுப்பின் மேல் வைத்தேன். உருகி ஒட்டிக்கொண்டது. ‘சூடு தாங்கும்’ என்றுதானே எழுதியிருந்தது? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், கிடைக்காது. இப்படிப்பட்ட மூடிகளைச் செய்யும் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் 160 டிகிரி வாக்கில் உருகும். அணைத்த அடுப்பு உடனே ஆறிவிடாது என்பதையுமா மூடியில் அச்சடிப்பார்கள்?

கேள்வி: விற்பனையாளர் ஒரு அட்டவணையைக் காட்டினார். பிளாஸ்டிக்கின் தன்வெப்ப ஏற்புத்திறன் எவர்சில்வரைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. அதனால் பிளாஸ்டிக் கூஜாவில்தான் சூடு அதிக நேரம் நிற்குமாம். வாங்கலாமா?

பதில்: இதே அட்டவணையைக் காட்டித்தான் என் தலையிலும் ஒன்றைக் கட்டினார்கள். இரண்டு மணி நேரத்தில் வெதுவெதுப்பு. இப்போது அதில் கரண்டிகள் நிற்கின்றன.

எண் பொய்யில்லை, அதுதான் எரிச்சல். ஒரு கிராமை ஒரு டிகிரி சூடாக்க பாலிபுரோப்பிலீனுக்கு 1.9 ஜூல் போலத் தேவை, எவர்சில்வருக்கு 0.5. ஆனால் இது கிராம் கணக்கு. ஒரு கன சென்டிமீட்டர் பாலிபுரோப்பிலீன் 0.9 கிராம்தான், எவர்சில்வரோ கிட்டத்தட்ட 8 கிராம். ஒரே அளவுத் துண்டை எடுத்தால் பிளாஸ்டிக்குக்கு 1.7 ஜூல், எவர்சில்வருக்கு 4. கணக்கு தலைகீழாகிவிட்டது, பார்த்தீர்களா?

சரி, கிராம் கணக்கையே வைத்துக்கொள்வோம். கூஜாவின் சுவர் வாங்கிக்கொள்ளும் சூடு எங்கிருந்து வருகிறது? உங்கள் தண்ணீரிலிருந்துதான். 80 டிகிரியில் அரை லிட்டர் தண்ணீரை, 25 டிகிரியில் இருக்கும் 200 கிராம் பிளாஸ்டிக் பாத்திரத்தில் ஊற்றுகிறீர்கள். சுவர் முழுக்கச் சூடேறி இரண்டும் ஒரே நிலைக்கு வரும்போது 71, 72 டிகிரிதான் மிஞ்சும். அதே எடை எவர்சில்வர் என்றால் 77க்கு மேல். அந்த அட்டவணை ஏதாவது சொல்கிறது என்றால், பிளாஸ்டிக் அதிகம் குடிக்கும் என்றுதான் சொல்கிறது!

சூட்டைக் காப்பது வேறு சங்கதி. வெப்பம் வெளியே கடக்காமல் தடுக்க வேண்டும். அதைச் செய்வது இரண்டு சுவர்களுக்கு நடுவே உள்ள வெற்றிடம், அல்லது நுரை. நடுவில் என்ன இருக்கிறது என்று அவரிடம் கேளுங்கள். ‘காற்று’ என்று இழுத்தால் நடையைக் கட்டுங்கள். எதை வாங்கினாலும் முதலில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக் கொட்டிவிட்டு அப்புறம் நிரப்புங்கள்.

கேள்வி: பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் எவர்சில்வர் காய்ந்து வருகிறது, பிளாஸ்டிக் டப்பா மட்டும் ஈரமாகவே வருகிறது. இயந்திரத்தில் பழுதா?

பதில்: இல்லை. மெல்லிய டப்பாவில் தங்கும் சூடு குறைவு, அதுவும் மேற்பரப்புக்கு மெல்லத்தான் வரும். தண்ணீர் அதில் பரவாமல் முத்து முத்தாக நிற்கும், அதனாலும் காய நேரமாகும். துணியால் துடையுங்கள்.

கேள்வி: வெந்நீர் குழாய்க்கு சிபிவிசி என்று ரசீது போட்டுப் பணம் வாங்கினார்கள். ஆறு மாதத்தில் குழாய் வில்லாகத் தொங்குகிறது. மேலே ‘பிவிசி’ என்றுதான் அச்சிட்டிருக்கிறது. ‘இரண்டும் ஒன்றுதான்’ என்கிறார் பொருத்தியவர்.

பதில்: ஒன்றில்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், நீங்கள் செய்த பிழை எதுவும் இல்லை. சாதாரண பிவிசி 80 டிகிரியை நெருங்கும்போதே இளகும், 60க்கு மேல் அதை நம்பக்கூடாது. கூடுதல் குளோரின் ஏற்றிச் செய்வது சிபிவிசி. 90 டிகிரி வரை வெந்நீருக்கு அதைத்தான் போடுவார்கள். விலை வித்தியாசமும் அதற்குத்தான். குழாயில் உள்ள அச்சு, தொங்கும் இடம், ரசீது மூன்றையும் படமெடுங்கள். பணம், மாற்றிப் பொருத்தும் கூலி இரண்டையும் எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். பழைய குழாயைக் கழற்றினால் அச்சு உள்ள துண்டை அவர் எடுத்துப்போக விடாதீர்கள். அதுவரை அந்த வெந்நீர்க் குழாயைத் திறக்கவே வேண்டாம்.