பல்லுக்கும் கண்ணுக்கும் பாலிசி எடுக்கலாமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பல்லையும் கண்ணையும் பற்றியவை. வங்கி லாக்கர் பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்து லட்சத்துக்குக் குடும்பப் பாலிசி வைத்திருக்கிறேன். மனைவிக்கு ரூட் கெனால் செய்து கேப் போட 14,000 ரூபாய் ஆனது. க்ளெய்ம் போட்டால், பல் சிகிச்சைக்குக் கிடையாது என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது நியாயமா? (கோவை)

நியாயமோ இல்லையோ, விதிப்படி சரிதான். நம் ஊரில் விற்கும் சாதாரண மருத்துவக் காப்பீடு, ஆஸ்பத்திரியில் படுத்து வைத்தியம் பார்ப்பவருக்காக எழுதப்பட்டது. 24 மணி நேரமாவது அட்மிட் ஆகியிருக்க வேண்டும், அல்லது அந்தச் சிகிச்சை டே கேர் (ஒரே நாளில் முடித்து அனுப்பும் சிகிச்சைகள்) பட்டியலில் இருக்க வேண்டும். பல் டாக்டரின் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்து வருவது ஓ.பி., அதாவது அட்மிட் ஆகாமல் பார்க்கும் வெளிநோயாளி வைத்தியக் கணக்கில்தான் சேரும். சொத்தைப்பல் அடைப்பது, பிடுங்குவது, க்ளீனிங், கேப், இம்பிளான்ட் எல்லாமே அப்படித்தான். பத்து லட்சம் என்ன, ஒரு கோடிக்கு எடுத்திருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும்.

விபத்து மட்டும் வேறு கணக்கு. பைக்கிலிருந்து விழுந்து தாடை உடைந்து, பல் பெயர்ந்து அட்மிட் ஆனால், அந்தப் பல் வேலைக்கும் பெரும்பாலான பாலிசிகள் பணம் தரும். அப்படி நேர்ந்தால், எந்தெந்தப் பல் விபத்தில் போனது என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தாடை முறிவு என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு பல் கட்டும் பில்லை வைத்துக்கொண்டு அலைய வேண்டியிருக்கும்.

பாலிசியோடு ஓ.பி. ஆட்-ஆன் (கூடுதல் பணம் கட்டிச் சேர்க்கும் வசதி) சேர்த்தால் பல், கண் இரண்டுக்கும் கிடைக்கும் என்கிறார் ஏஜென்ட். ஆண்டுக்கு 6,000 ரூபாய் கூடுதல் பிரீமியம். குடும்பத்துக்கு மொத்தம் 8,000 ரூபாய் வரை க்ளெய்ம் செய்யலாமாம். நாங்கள் நாலு பேர், அதில் மூன்று பேர் கண்ணாடி போடுகிறோம். எடுக்கலாமா? (சென்னை)

கணக்கை நீங்களே எழுதிவிட்டீர்கள். எல்லாம் நல்லபடியாக நடந்து ஒரு ரூபாய் விடாமல் வாங்கினாலும் உங்களுக்கு லாபம் 2,000 ரூபாய்தான். ஒரு க்ளெய்ம் தள்ளுபடியானால் அதுவும் போச்சு.

இதில் கம்பெனிக்காரர்களைக் குறை சொல்லவும் முடியாது. பைபாஸ் ஆபரேஷன் நூறு பேரில் சிலருக்குத்தான் வரும், அதனால் மற்றவர்கள் கட்டும் பணம் அவர்களைத் தாங்கும். கண்ணாடியும் பல் க்ளீனிங்கும் அப்படி இல்லை. இந்த ஆட்-ஆனை வாங்குபவர்கள் எல்லோருமே அதைப் பயன்படுத்தத்தான் வாங்குகிறார்கள். கொடுக்கப்போகும் தொகையோடு அலுவலகச் செலவையும் சேர்த்து உங்களிடமே வசூலித்தால்தான் கம்பெனிக்குக் கட்டுப்படியாகும்.

கையெழுத்துப் போடும் முன் ஏஜென்டிடம் சிலவற்றைக் கேளுங்கள், வாய்மொழியாக இல்லாமல் மின்னஞ்சலில். 8,000 ரூபாயில் ஃப்ரேமும் லென்ஸும் சேருமா, அல்லது கண் டாக்டரின் கட்டணம் மட்டுமா? பல இடங்களில் கண்ணாடி சேராது. உங்கள் பேட்டையில் நெட்வொர்க் கிளினிக், அதாவது கம்பெனியோடு ஒப்பந்தமுள்ள கிளினிக் இருக்கிறதா? ஒரு தடவைக்கு இவ்வளவுதான் என்று உள்வரம்பு உண்டா? மிச்சப் பணம் அடுத்த ஆண்டுக்குப் போகுமா? வரம்பு குடும்பத்துக்கு இல்லாமல் ஆளுக்கு 8,000 என்றிருந்தால் கணக்கே மாறிவிடும், அதையும் கேட்டுவிடுங்கள்.

நானாக இருந்தால் மாதம் 500 ரூபாய் ஆர்.டி. போட்டுவிடுவேன். கண்ணாடிக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். அதே நாளிலிருந்து தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி.யே கிடையாது. முன்பு 18 சதவீதம் இருந்தது. மிச்சமாகும் அந்தப் பணத்தில் அடிப்படைப் பாலிசியின் தொகையைக் கூட்டிக்கொள்வது எவ்வளவோ மேல். ஒன்று மட்டும்: வேலை செய்யும் கம்பெனியே பிரீமியம் கட்டி ஓ.பி. வசதி கொடுத்தால் யோசிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்குப் பவர் மைனஸ் 4. லேசிக் செய்ய பாலிசியில் கிடைக்குமா? (சேலம்)

கிடைக்காது. 7.5 டயாப்டருக்குக் (நீங்கள் சொன்ன பவரின் அளவுதான்) குறைவான பார்வைக் குறைபாட்டைச் சரிசெய்யும் செலவு, எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விலக்குப் பட்டியலிலேயே இருக்கிறது.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. சம்பளம் 19,000 ரூபாய். குடும்பத்துக்குப் பல், கண் பாலிசி எது நல்லது?

சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். 21,000 ரூபாய் வரை சம்பளம் என்றால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்க வேண்டும். உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். தனியார் பாலிசி போல இல்லாமல் இதில் ஓ.பி. வைத்தியமும் குடும்பத்துக்கு உண்டு. பல்லுக்கும் கண்ணுக்கும் முதலில் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் காட்டுங்கள். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், அது உண்மைதான். ஆனால் ஏற்கெனவே பணம் கட்டியாகிவிட்ட காப்பீட்டை விட்டுவிட்டு இன்னொன்றை எதற்கு வாங்குவது? பிடித்தமே இல்லை என்றால் கம்பெனியில் கேளுங்கள்.

அம்மாவுக்கு 66 வயது. இரண்டு கண்ணிலும் புரை ஆரம்பித்திருக்கிறது என்கிறார் டாக்டர். இப்போது பாலிசி எடுத்தால் ஆபரேஷனுக்கு ஆகுமா? (மதுரை)

இப்போது எடுத்து இப்போதே செய்ய முடியாது. கண்புரைக்குப் பெரும்பாலான பாலிசிகளில் இரண்டு ஆண்டு காத்திருப்புக் காலம் உண்டு, அதுவரை அதற்குப் பணம் வராது. டாக்டர் சொல்லிவிட்டார் என்பதால் விண்ணப்பத்திலும் அதை எழுதியாக வேண்டும். மறைத்தால் பிற்பாடு வேறு பெரிய க்ளெய்மும் சேர்ந்து அடிபடும்.

இரண்டு ஆண்டு கழித்தும் முழுப் பணம் வரும் என்று நினைக்காதீர்கள். எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி விற்கும் ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியையே எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு கண்ணுக்குக் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் அல்லது 40,000 ரூபாய், எது குறைவோ அதுதான். ஒரு லட்சத்துக்கு எடுத்தவருக்குக் கண்ணுக்கு 25,000 ரூபாய். இரண்டு லட்சத்துக்கு எடுத்தாலும் ஐந்து லட்சத்துக்கு எடுத்தாலும் 40,000 ரூபாய்தான். அதிலும் 5 சதவீதம் நம் கையிலிருந்து போகும். செலவை ஏற்றுவது பெரும்பாலும் உள்ளே வைக்கும் லென்ஸ்தான். கிட்டத்துக்கும் தூரத்துக்கும் சேர்த்து உதவும் மல்டிஃபோகல் லென்ஸ் கேட்டால் மிச்சத்தை நாமேதான் கட்ட வேண்டும். அதனால் எஸ்டிமேட் வாங்கும்போது லென்ஸின் பெயரையும் விலையையும் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

உங்கள் ஊரைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. இந்த லென்ஸ்களை இங்கேயே மலிவாகச் செய்ய 1992-இல் ஆரோலேப் வந்ததும் அதே மதுரையில்தான். கட்டணமில்லாப் பிரிவும் அங்கே உண்டு, அரசு மருத்துவமனையும் இருக்கிறது. இந்த ஆபரேஷனுக்காக மட்டும் என்றால் பாலிசி தேவையில்லை. ஆனால் அம்மாவின் இதயம், மூட்டு, சிறுநீரகம் இவற்றுக்காக ஒரு பாலிசி வேண்டும். வயது அதிகம் என்று மட்டும் சொல்லி இப்போது மறுக்க முடியாது, 2024-இல் அந்த விதி மாறிவிட்டது.

அப்பாவுக்குச் சர்க்கரையால் விழித்திரை கெட்டு, கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள். பாலிசிக்கு ஆறு வயது, சர்க்கரையைச் சொல்லித்தான் எடுத்தோம். 24 மணி நேரம் அட்மிட் ஆகவில்லை என்று மறுத்துவிட்டார்கள். விட்டுவிடலாமா? (தஞ்சாவூர்)

விடாதீர்கள். கண்ணுக்குள் போடும் இந்த ஊசி, ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-இல் வெளியிட்ட நவீன சிகிச்சைகள் பன்னிரண்டின் பட்டியலில் இருக்கிறது. அவற்றை ஒரேயடியாக விலக்கக் கூடாது, உள்வரம்பு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஆரோக்கிய சஞ்சீவனியில் அது காப்பீட்டுத் தொகையில் பாதி. ஆக, முதலில் உங்கள் பாலிசியில் இந்தச் சிகிச்சைக்கு என்ன வரம்பு என்று பாருங்கள். சர்க்கரைக்கான காத்திருப்புக் காலம் இப்போது அதிகபட்சம் மூன்று ஆண்டு, உங்களுக்கு அது என்றோ முடிந்துவிட்டது.

நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். பட்டியலைக் குறிப்பிட்டு, சிகிச்சையின் பெயரை டாக்டரின் கடிதத்தோடு வையுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். நிறுவனம் கைவிரித்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். அப்புறம், போனில் பேசியதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறோம். ஆபீஸில் பல், கண் பிளான்களைத் தேர்வு செய்யும் மாதம் இது. ஊருக்கு வரும்போது பல் வேலையை முடித்துக்கொள்ளலாம் என்கிறாள் மனைவி. பிளான் வேண்டாமா?

அங்கே பல் பிளான் தனி வியாபாரம். வழக்கமான பி.பி.ஓ. பிளான் (ஒப்பந்தமுள்ள டாக்டரிடம் போனால் செலவு குறையும் வகை) 100-80-50 என்று இருக்கும்: செக்கப், க்ளீனிங் முழுவதும், அடைப்பது போன்றவற்றுக்கு 80 சதவீதம், கேப் போன்ற பெரிய வேலைக்குப் பாதி. 1,200 டாலர் கேப் என்றால், 50 டாலர் டிடக்டிபிள் (முதலில் நாம் கட்ட வேண்டிய தொகை) போக 575 டாலர் பிளான் கொடுக்கும், 625 உங்கள் கையிலிருந்து. ஆண்டு உச்சவரம்பு பெரும்பாலும் 1,000 முதல் 2,000 டாலருக்குள் இருக்கும். அதாவது பெரிய செலவு வந்தால் பிளான் பாதியில் நின்றுவிடும். நம் மருத்துவக் காப்பீட்டுக்கு நேர் எதிர்.

ஆபீஸ் பிரீமியத்தில் பங்கு கொடுத்தால் பல் பிளானை எடுத்துக்கொள்ளுங்கள், ஆண்டுக்கு இரண்டு க்ளீனிங்கிலேயே பெரும்பாலும் ஈடாகிவிடும். பிள்ளைக்குக் கிளிப் போடும் உத்தேசம் இருந்தால் அதற்கான வாழ்நாள் வரம்பையும் காத்திருப்புக் காலத்தையும் படியுங்கள். கண் பிளான், வீட்டில் கண்ணாடி போடுபவர் இருந்தால் மட்டும்.

மனைவி சொல்வதில் கேப், இம்பிளான்ட் விஷயம் சரிதான். ஆனால் இம்பிளான்ட் ஒரே லீவில் முடியாது. எலும்பு பிடிக்கச் சில மாதம் ஆகும், திரும்பவும் வர வேண்டும். பெற்றோரை அழைத்தால் எடுக்கும் விசிட்டர் இன்சூரன்ஸில் திடீர்ப் பல்வலிக்குச் சிறு தொகை மட்டும் இருக்கும், அவர்கள் பல் வேலையை இங்கே முடித்துவிட்டே ஏறட்டும்.

மகளுக்குக் கிளிப் போட வேண்டும். எந்தப் பாலிசியிலும் இல்லை என்கிறார்கள். வேறு வழி? (புதுக்கோட்டை)

வழி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. புதுக்கோட்டையில் 2023-இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. சென்னையில் இருப்பது 1953-இலிருந்து நடக்கிறது. முதலில் உங்கள் ஊர்க் கல்லூரியில் காட்டி, எத்தனை மாதம், எத்தனை முறை வர வேண்டும் என்று கேளுங்கள். தனியாரில் செய்வதானால் மொத்தத் தொகையை முதலிலேயே கேட்டு, தவணையாகக் கட்ட ஒத்துக்கொள்ளும் டாக்டராகப் பாருங்கள். பலர் ஒத்துக்கொள்வார்கள்.