மழை வாய்ப்பு 20 சதவீதம்தான், பக்ஸ்கின் கல்ச்சுக்குள் இறங்கலாமா?

டல்லாஸிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவரும் மனைவியும், நண்பர் தம்பதியும், ஆக நான்கு பேர். செப்டம்பர் முதல் வாரம் லேபர் டே விடுமுறையில் யூட்டா-அரிசோனா எல்லையில் இருக்கும் பக்ஸ்கின் கல்ச் என்ற குறுகலான, நீண்ட பாறைப் பள்ளத்தாக்கில் இறங்கி, ஒரு இரவு உள்ளே தங்கி, மறுநாள் பரியா ஆற்றோடு நடந்து வெளியே வருவதாகத் திட்டம். இரவு தங்க அனுமதியும் கிடைத்துவிட்டது. கிராண்ட் கேன்யனில் சவுத் கைபாப் பாதையில் இறங்கி ஏறிய அனுபவம் இருக்கிறது. அவர் கேட்பது: "மழை வாய்ப்பு 20 சதவீதத்துக்குள் இருந்தால் இறங்குவது என்று முடிவு செய்திருக்கிறோம், சரிதானே? ஆளுக்கு எவ்வளவு தண்ணீர்? கயிறு வேண்டுமா? கூடாரத்தை எங்கே போடுவது?"

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் போகாதீர்கள். அனுமதி கிடைப்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும், ஒரு நாளைக்கு 20 பேருக்குத்தான் இரவு தங்க விடுகிறார்கள், அதை விட்டுக்கொடுக்க மனசு வராது. இருந்தாலும் மே மாதத்துக்கோ அக்டோபருக்கோ மாற்றுங்கள்.

காரணம் அந்த 20 சதவீதம் என்ற எண்ணிலேயே இருக்கிறது. உங்கள் போன் காட்டும் சதவீதம் நீங்கள் தட்டிய அந்த இடத்துக்கான மழை வாய்ப்பு. உங்களைக் கொல்லக்கூடிய மழை அந்த இடத்தில் பெய்ய வேண்டியதே இல்லை. பரியா ஆறு பிரைஸ் கேன்யன் பக்கத்து மேட்டு நிலத்தில் பிறந்து வருகிறது, பக்ஸ்கினுக்கும் மேலே பெரிய நீர்ப்பிடிப்புப் பகுதி இருக்கிறது. அங்கே எங்கோ ஒரு மூலையில் ஒரு இடிமேகம் அரை மணி நேரம் கொட்டினால் போதும். மண் குடிக்காத பூமி அது, பாதிக்கு மேல் வெறும் பாறை, விழுந்த தண்ணீர் அத்தனையும் ஓடைகளில் சேர்ந்து கடைசியில் சில அடி அகலமுள்ள இந்தச் சந்துக்குள் வந்து நுழையும். குற்றாலத்தில் கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மலையில் பெய்த மழைக்கு அருவி செந்நிறமாகிக் கொட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அங்கே ஓடி ஒதுங்க இடம் உண்டு. பக்ஸ்கினில் இருபக்கமும் சில நூறு அடி உயரச் சுவர், பல இடங்களில் கையை விரித்தால் இரண்டு சுவரையும் தொடலாம்.

1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் பேஜ் ஊருக்குப் பக்கத்தில் லோயர் ஆன்டலோப் கேன்யனில் 11 சுற்றுலாப் பயணிகள் இறந்தது இப்படித்தான், மழை பெய்தது பல மைல் தள்ளி. 2015 செப்டம்பர் 14 அன்று ஸையான் பூங்காவின் கீஹோல் கேன்யனில் இறங்கிய ஏழு பேரும் திரும்பவில்லை. தேதியைப் பாருங்கள், நீங்கள் போக நினைப்பதும் அதே செப்டம்பர். அந்தப் பக்கத்தில் பருவமழை இடிகள் ஜூலை நடுவில் தொடங்கி செப்டம்பர் நடுப்பகுதி தாண்டியும் வரும். சரி, மற்ற மாதங்களில் பயமே இல்லையா என்றால் அதுவும் கிடையாது. 2023 மார்ச்சில் பக்ஸ்கினிலேயே வெள்ளத்தில் இரண்டு பேர் இறந்தார்கள். அதனால் எந்த மாதம் போனாலும் கிளம்பும் முந்தைய நாளும் அன்று காலையும் அமெரிக்க தேசிய வானிலைச் சேவை வெளியிடும் திடீர் வெள்ள அபாய மதிப்பீட்டைப் பாருங்கள். எதிர்பார்க்கவில்லை, சாத்தியம் உண்டு, வாய்ப்பு அதிகம், நிச்சயம் எதிர்பார்க்கிறோம் என்று நான்கு படிகளாகச் சொல்வார்கள். என் கணக்கு எளிது: முதல் படியைத் தவிர வேறு எது இருந்தாலும் நான் இப்படிப்பட்ட குறுகலான பள்ளத்தாக்குக்குள் (ஸ்லாட் கேன்யன்) இறங்குவதில்லை. இரண்டு நாள் பயணம் என்றால் இரண்டு நாளுக்கும் முதல் படியாக இருக்க வேண்டும். அப்புறம் 89-ஆம் நெடுஞ்சாலையில் இருக்கும் பரியா ரேஞ்சர் நிலையத்தில் நின்று பேசிவிட்டுப் போங்கள், முந்தைய நாள் உள்ளே போய் வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பது வேறெங்கும் கிடைக்காத தகவல்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பக்ஸ்கினில் நடக்கும்போது நின்று தலையை நிமிர்த்திப் பாருங்கள். உங்கள் தலைக்கு மேலே, ஒரு வீட்டின் மாடி உயரத்துக்கும் மேலே, இரண்டு சுவருக்கும் நடுவில் முழு மரங்கள் குறுக்காகச் சிக்கிக் கிடக்கும். பட்டை உரிந்து வெளுத்துப்போன அடிமரம், இடுக்குகளில் காய்ந்த புல்லும் சுள்ளியும். முதல் தடவை பார்த்தபோது யார் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்து வைத்துவிட்டுப் போனது என்று உறைத்த பிறகு ஒரு மணி நேரம் நாங்கள் யாரும் பேசவில்லை.

வெளியேறும் வழியும் கையில் இல்லை. நீங்கள் நடக்கத் தொடங்கும் வயர் பாஸ் என்ற இடத்திலிருந்து பரியா ஆற்றோடு சேரும் சங்கமம் வரை சுமார் பதிமூன்றரை மைல், நடுவில் மிடில் ரூட் என்ற ஒரே ஒரு இடத்தில் மேலே ஏறலாம். அதுவும் கைவைத்துத் தொற்றி ஏறும் பாறை, பழக்கமில்லாதவர் பயத்தில் ஏறுகிற இடம் அல்ல. சவுத் கைபாப் அனுபவம் உங்கள் கால் வலுவுக்குச் சான்று, அவ்வளவுதான். அங்கே பாதை இருக்கிறது, வானம் தெரிகிறது, வேண்டாம் என்றால் திரும்பி ஏறலாம்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாள் முழுக்க நம்பிக் குடிக்கத் தண்ணீர் கிடையாது. ஆளுக்கு 5 லிட்டர் முதுகில் போக வேண்டும், அதாவது 5 கிலோ. சங்கமத்தில் பரியா ஆறு ஓடும், ஆனால் அது பால் விட்ட டீ நிறத்தில் ஓடும். நேராக வடிகட்டியில் விட்டால் சில நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். மடக்கு வாளி ஒன்று கொண்டுபோய் இரவே தண்ணீர் பிடித்து வையுங்கள். படிகாரம் ஒரு சிட்டிகை கலக்கிவிட்டால் வண்டல் திரண்டு அடியில் படியும், ஊரில் கலங்கிய கிணற்று நீருக்குப் போட்ட அதே படிகாரம்தான், இங்கே ஆற்றுப் படகுக்காரர்களும் இதையே செய்கிறார்கள். காலையில் மேலே தெளிந்ததை மட்டும் அசையாமல் எடுத்து வடிகட்டுங்கள். படிகாரம் கிருமியைக் கொல்லாது, வடிகட்டல் கட்டாயம். தண்ணீரோடு உப்பும் உள்ளே போக வேண்டும், வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கித் தலைசுற்றும், வாந்தி வரும், அதையும் வெயில் மயக்கம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் குடிப்பார்கள். முதல் நாள் மதியத்துக்கு எலுமிச்சைச் சாதமோ புளியோதரையோ ஊறுகாயோடு கட்டிக்கொண்டு போனால் அந்த வேலை பாதி முடிந்தது.

பாலைவனம் என்பதால் எல்லோரும் வெயிலை நினைத்துத்தான் தயாராகிறார்கள். பக்ஸ்கினின் அடியில் பல இடங்களில் வெயிலே விழாது. பழைய வெள்ளத்தின் தண்ணீர் குட்டையாகத் தேங்கி அழுகிப்போய்க் கிடக்கும், செஸ்பூல், அதாவது சாக்கடைக் குழி, என்றே ஒரு பகுதிக்குப் பெயர். சில வருடம் காய்ந்து கிடக்கும், சில வருடம் இடுப்புக்கு மேல் வரும், ஐஸ் மாதிரி இருக்கும். என்னோடு வந்த நண்பர் ஒருவர் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். மூன்றாவது குட்டையைத் தாண்டியதும் உதடு நீலமாகிவிட்டது, பையின் ஜிப்பைத் திறக்க விரல் மடங்கவில்லை, நாங்கள்தான் திறந்து ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுவிட்டோம். வெளியே அப்போது நல்ல வெயில். அதனால் பருத்தி வேண்டாம், சீக்கிரம் காயும் துணி, ஒரு கம்பளி மேலாடை, தண்ணீர் உள்ளே போனாலும் வடிந்துவிடும் வலைத்துணிக் காலணி, நியோப்ரீன் சாக்ஸ். தூங்கும் பையையும் மாற்று உடையையும் தடிமனான குப்பைப் பைக்குள் இரண்டு சுற்றாகக் கட்டிவிடுங்கள். ஆளுக்கு ஒரு கம்பும் வேண்டும், குட்டையின் ஆழம் பார்க்கவும், பரியாவில் புதைமணல் இருக்கிறதா என்று குத்திப் பார்க்கவும். கால் புதைந்தால் பதறி இழுக்காதீர்கள், உடலைப் பின்னால் சாய்த்து, காலை மெதுவாக ஆட்டி ஆட்டித் தண்ணீரை உள்ளே விட்டால் மணல் தளரும்.

கயிறு: அருவி இறங்குவது போலக் கயிற்றில் தொங்கி இறங்கும் இடம் இந்த வழியில் கிடையாது. சங்கமத்துக்கு ஒன்றரை மைல் முன்னால் பெரிய பாறைகள் விழுந்து வழியை அடைத்திருக்கும், அங்கே மூட்டைகளை இறக்க 15 மீட்டர் கயிறு போதும். முன்பு வந்தவர்கள் கட்டிவிட்டுப் போன கயிறு தொங்கினால் அதில் முழு எடையையும் போடாதீர்கள், மணலிலும் வெள்ளத்திலும் அது எவ்வளவு அறுந்திருக்கிறது என்று மேல்முனை தெரியாமல் சொல்ல முடியாது.

கூடாரம் பக்ஸ்கினின் குறுகலான பகுதியில் எங்கேயும் கூடாது. சங்கமத்தை நெருங்கும்போது சுவரோரமாக உயர்ந்த மணல்மேடுகள் வரும், மரம் வளர்ந்து நிற்கும் மேடாகப் பார்த்துத் தங்குங்கள். மணலில் முளை நிற்காது, சிறிய துணிப்பைகளில் மணலை நிரப்பிக் கயிற்றைக் கட்டிப் புதைத்துவிடுங்கள். நெருப்பு மூட்டத் தடை இருக்கிறது, அடுப்பு மட்டும்தான். மலத்தையும் அதற்கென்று உள்ள பையில் கட்டி வெளியே சுமந்து வர வேண்டும், இதில் சங்கடப்படாதீர்கள், அந்தச் சந்தில் மக்கிப்போக மண்ணும் இல்லை, ஒதுங்க இடமும் இல்லை.

இன்னும் இரண்டு விஷயம். நெடுஞ்சாலையிலிருந்து வயர் பாஸுக்குப் போகும் 8 மைல் மண் சாலை நனைந்தால் களிமண்ணாகிவிடும், நான்கு சக்கர இழுவை இருந்தாலும் வழுக்கும். வெளியே வரும் இடம் வேறு என்பதால் ஒரு காரை, பரியா ஆற்றோடு நடந்து வெளியே வரும் ஒயிட் ஹவுஸ் என்ற இடத்தில் முதலிலேயே நிறுத்திவிட்டு வாருங்கள். செயற்கைக்கோள் கருவி வைத்திருந்தாலும் சந்துக்குள் வானம் ஒரு கோடாகத்தான் தெரியும், செய்தி போகாமல் நிற்கும். அதனால் டல்லாஸில் யாராவது ஒருவரிடம் எழுதியே கொடுங்கள்: எங்கே இறங்குகிறோம், எங்கே ஏறுகிறோம், இரண்டு காரின் எண்கள், எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் யூட்டா கேன் கவுண்டி ஷெரிப் அலுவலகத்துக்குப் பேச வேண்டும் என்று. அக்டோபருக்குத் தேதி கிடைத்ததும் மறுபடி எழுதுங்கள், அந்த வருடம் குட்டைகள் எப்படி இருக்கின்றன என்று விசாரித்துச் சொல்கிறேன்.