இரண்டு பெண்கள் சேர்ந்து குடியிருந்தால் குற்றமா? – வாசகர் கேள்வி, சட்டப் பதில்

கேள்வி: பாலியல் தொழிலைச் சட்டபூர்வமாக்கி லைசென்ஸ் கொடுத்துவிட்டால் போலீஸ் தொல்லை, புரோக்கர் தொல்லை இரண்டும் ஒழியுமே? ஏன் தயங்குகிறார்கள்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: லைசென்ஸ் வேண்டாம், இருக்கிற சட்டத்தில் சில வரிகளை எடுத்தாலே போதும் என்பது எங்கள் கருத்து. 18 வயது நிறைந்த பெண் தன் விருப்பப்படி, தனியாக இத்தொழில் செய்வதை 1956-ஆம் ஆண்டின் விபச்சாரத் தடுப்புச் சட்டம் குற்றம் என்று சொல்லவில்லை. அதைச் சுற்றியுள்ளவைதான் குற்றம். விடுதி நடத்தினால் முதல் முறை 1 முதல் 3 ஆண்டு சிறை (பிரிவு 3). ஆள் பிடித்துக் கொடுத்தால் 3 முதல் 7 ஆண்டு (பிரிவு 5). பொது இடத்தில் அழைத்தால் 6 மாதம் வரை (பிரிவு 8).

சிக்கல் பிரிவு 2-இல் இருக்கிறது. இரண்டு பெண்கள் தங்கள் இருவரின் வருமானத்துக்காக ஓர் அறையைப் பயன்படுத்தினாலே அது 'விபச்சார விடுதி'. துணைக்கு ஒருத்தி இருக்கட்டும் என்று வாடகையைப் பகிர்ந்தால் இருவர் மீதும் வழக்கு. தனியாக இருந்தால், வந்தவன் அடித்தாலும் கூப்பிட ஆளில்லை. மிச்சமிருப்பது லாட்ஜ், லாட்ஜுக்கு வழி புரோக்கர். அவளைப் புரோக்கரிடம் தள்ளிவிடுவதே இந்த வரிதான்.

பிரிவு 7-ஐயும் பாருங்கள். வழிபாட்டுத் தலம், பள்ளி, கல்லூரி, மருத்துவமனை ஆகியவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் தொழில் நடந்தால் குற்றம். உங்கள் ஊரில் கும்பேஸ்வரர், சாரங்கபாணி, சக்கரபாணி, நாகேஸ்வரன், ராமசாமி கோயில்களைச் சுற்றி 200 மீட்டர் வட்டம் போட்டு, பள்ளிகளையும் ஆஸ்பத்திரிகளையும் சேர்த்தால் நகரில் என்ன மிஞ்சும்?

லைசென்ஸ் என்றால் பெயர், விலாசம், மருத்துவப் பரிசோதனை, பதிவேடு. வெள்ளைக்காரர் ஆட்சி 1868-இல் தொற்றுநோய்ச் சட்டம் என்று கொண்டுவந்து பெண்களைப் பதிவு செய்து கட்டாயப் பரிசோதனை நடத்தியது. எதிர்ப்புக்குப் பின் 1888-இல் அதை விலக்கிக்கொண்டது. டெல்டா கிராமத்தில் ஒரு பெண்ணின் பெயர் அப்படியொரு கணக்கில் ஏறினால் பிள்ளைகளின் கல்யாணம் வரை அது துரத்தும். அதற்குப் பயந்து பதியாதவள் மறுபடியும் குற்றவாளி ஆவாள். நியூசிலாந்து 2003-இல் செய்தது மேல்: நான்கு பேர் வரை சேர்ந்து, யாருக்கும் கீழே இல்லாமல், நடத்துநர் சான்றிதழ் இன்றியே தொழில் செய்யலாம். ஆள் கடத்தலுக்கும் சிறுமிகளை வைத்துச் செய்வதற்கும் தண்டனை அப்படியே நீடிக்க வேண்டும். அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

கேள்வி: ரெய்டில் என் அக்காவைப் பிடித்துவிட்டார்கள். "ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டிவிட்டுப் போ" என்கிறார்கள். கட்டிவிடலாமா?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: வழக்கறிஞரைப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம், அம்மா. பிரிவு 8-இல் அபராதம் 500 ரூபாய்தான். ஆனால் அதைக் கட்டியதும் அது தண்டனையாகப் பதிவாகிறது. அடுத்த முறை ஓராண்டு வரை சிறை கிடைக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 15100-க்குப் போன் செய்யுங்கள், அல்லது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள்.

வழக்கறிஞரிடம் இவற்றைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். வாரண்ட் இல்லாத சோதனை என்றால் சாட்சியாக இரண்டு பேர், அதில் ஒருவர் பெண், இருந்தார்களா? (பெண் சாட்சி வெளியூர்க்காரராகவும் இருக்கலாம்.) இரண்டு பெண் போலீசார் உடன் வந்தார்களா? பெரும்பாலும் ஓட்டை இங்கேதான் இருக்கும். ஆணுறையைக் குற்றத்துக்குச் சாட்சியமாகக் காட்டக் கூடாது, படமோ பெயரோ பத்திரிகையில் வரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே 19-இல் உத்தரவிட்டிருக்கிறது.

காப்பகத்துக்கு அனுப்பினால், விசாரணைக் காலக் காவல் 3 வாரம் வரைதான். அதன்பின் மாஜிஸ்திரேட் விரும்பினால் 1 முதல் 3 ஆண்டு வரை பாதுகாப்பு இல்லத்தில் வைக்க உத்தரவிடலாம். ஆகவே முதல் நாளே, "எனக்கு 18 முடிந்துவிட்டது, இல்லத்துக்குப் போக விருப்பமில்லை" என்று அக்கா சொல்லி, அது எழுத்தில் பதிவாக வேண்டும். வயதுச் சான்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

கேள்வி: அம்மா அனுப்பும் பணத்தில் படிக்கும் மகனும் குற்றவாளியா?
– பெயர் வேண்டாம், நாகப்பட்டினம்

பதில்: மகனுக்கு 18 முடிந்திருந்து, தெரிந்தே அந்தப் பணத்தில் வாழ்ந்தால், பிரிவு 4-இன் எழுத்துப்படி 2 ஆண்டு வரை சிறை. புரோக்கரைப் பிடிக்க எழுதிய பிரிவு, பிள்ளையையும் சேர்த்து மடக்குகிறது. முதலில் நீக்க வேண்டிய வரி இதுதான்.

கேள்வி: தை அறுவடைக்குப் பின் கூலி வேலை இல்லாதபோது, மில் வேலை என்று பெண் பிள்ளைகளை அழைத்துப்போக ஆள் வருகிறார்கள். எதைக் கவனிப்பது?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: மில்லின் பெயரையும் விலாசத்தையும் எழுதி வாங்கி, மில்லுக்கே போன் செய்து விசாரியுங்கள். ஏஜெண்ட் கொடுத்த எண்ணுக்குச் செய்யாதீர்கள், அது அவருடைய ஆளாகவே இருக்கும். அசல் ஆதாரைக் கொடுக்காதீர்கள். முன்பணத்துக்கு வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பிறகு திரும்பி வர முடியாமல் கட்டிப்போடுவது அந்தத் தாள்தான். வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏமாற்றிக் கடத்தினால் பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய தண்டனைச் சட்டம்) பிரிவு 143-இல் 7 ஆண்டுக்குக் குறையாது. 18 வயதுக்குக் கீழ் என்றால் 10 ஆண்டு முதல் ஆயுள் வரை. பிள்ளை சம்மதித்தது, வீட்டார் சம்மதித்தது என்ற பேச்சு நீதிமன்றத்தில் எடுபடாது. சந்தேகம் வந்த உடனே, வண்டி ஊரைத் தாண்டும் முன், குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள்.