கேளுங்க, சொல்றோம்: கம்மி பட்ஜெட்ல வீட்ல நல்ல சவுண்டு

கேள்வி: ரிட்டையர் ஆகி வீட்லதான் இருக்கேன், சாயங்காலம் பாட்டு கேக்கறதுதான் பொழுதுபோக்கு. ஃபோன்ல இருந்து ப்ளூடூத் வழியா ஒரு 2.1 செட்டுல (ரெண்டு சின்ன ஸ்பீக்கர், பேஸுக்குன்னு ஒரு சப் ஊஃபர்) கேக்கறேன். பேஸ் மட்டும் தொம்மு தொம்முன்னு வருது, பாடறவங்க குரல் எங்கயோ பின்னாடி இருக்கு. கையில 12,000 ரூபாய் வச்சிருக்கேன். டிஏசி வாங்கிப் போட்டா எல்லாம் சரியாயிடும்னு கடையில சொல்றாங்க. வாங்கலாமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: இப்போதைக்கு வேணாம் சார். டிஜிட்டலா இருக்கற பாட்ட ஸ்பீக்கருக்குப் போற மாதிரி கரண்ட் சிக்னலா மாத்துறதுதான் டிஏசியோட வேலை. நீங்க ப்ளூடூத்ல கேக்கறதால அந்த வேலை உங்க 2.1 செட்டுக்குள்ளயே நடக்குது, ஃபோன் பக்கத்துல தனியா ஒண்ணு வாங்கி வச்சா அது சும்மா உக்காந்திருக்கும். அதுவுமில்லாம இன்னிக்கு சாதாரண டிஏசி சிப்பே ரொம்ப நல்லா இருக்கு. உங்க காதுக்கு வித்தியாசம் தெரியப்போறது ரெண்டே இடத்துல, ஒண்ணு ஸ்பீக்கர், இன்னொண்ணு அது நிக்கற இடம்.

காச எடுக்கறதுக்கு முன்னாடி இடத்த சரி பண்ணுங்க. சப் ஊஃபர் மூலையில இருக்கா பாருங்க, நிறைய வீட்ல அங்கதான் தள்ளி வச்சிருப்பாங்க. மூலைன்னா ரெண்டு சுவரும் தரையும் சேர்ந்து பேஸ ஊதி விட்ரும், அந்த தொம்மு தொம்மு பெரும்பாலும் அதுதான். சுவத்துல இருந்து ரெண்டு அடி வெளிய இழுத்து வச்சு, பின்னாடி இருக்கற பேஸ் குமிழ சுத்தமா குறைச்சிட்டு, தெரிஞ்ச பாட்ட ஓட விட்டு கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. பேஸ் தனியா ஒரு பொட்டியில இருந்து வருதுன்னு தெரிய ஆரம்பிச்சதும் அங்கயே ஒரு புள்ளி குறைச்சு நிறுத்துங்க. ரெண்டு சின்ன ஸ்பீக்கரையும் ஷோகேஸ் உச்சியில இருந்து இறக்கி, நீங்க உக்காந்தா காது எந்த உயரத்துல இருக்கோ அந்த உயரத்துல வைங்க, ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரமோ அதே தூரத்துல உங்க நாற்காலி இருக்கணும். மொசைக் தரை, வெறும் சுவருன்னா சத்தம் எகிறி எகிறி அடிச்சு குரல கலக்கிடும், அதனால முன்னாடி ஒரு ஜமுக்காளம் விரிச்சு, ஜன்னலுக்கு கனமான திரை போட்டுப் பாருங்க. இதுக்கெல்லாம் பெருசா செலவு இல்ல, ஆனா பல வீட்ல பாதி பிரச்சனை இதுலயே தீந்துரும்.

அப்புறம் ஆப் செட்டிங். ஸ்பாட்டிஃபைல காசு கட்டாம கேட்டா அதிகபட்சம் 160 கேபிபிஎஸ்தான் (ஒரு நொடிக்கு எவ்வளவு டேட்டாங்கற கணக்கு, ஜாஸ்தின்னா சவுண்டு தெளிவா இருக்கும்), காசு கட்டினா ப்ளானப் பொறுத்து அதுக்கு மேலயும் போகும், ஆனா ஆடியோ குவாலிட்டிங்கற இடத்துல போய் நாமதான் மாத்தி வைக்கணும். காசு கட்டிட்டு அத மாத்தாமலே வருஷக்கணக்கா கேக்கறவங்க இருக்காங்க.

இவ்வளவும் பண்ணியும் குரல் முன்னாடி வரலன்னா அப்ப அந்த 12,000த்த முழுசா ஸ்பீக்கர்ல போடுங்க. ஆம்ப்ளிஃபயர் உள்ளயே இருக்கற புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஜோடியா வருது. உதாரணத்துக்கு எடிஃபயர் ஆர்1280டி (R1280T), பேஸுக்கு 4 இன்ச் ஊஃபர், கீச்சுக் குரலுக்கு தனியா ஒரு ட்வீட்டர், மொத்தம் 42 வாட்ஸ் ஆர்எம்எஸ் (விடாம தொடர்ந்து தர்ற சக்தி), பக்கவாட்டுலயே பேஸ் ட்ரெபிள் குமிழ் இருக்கு. அதுல ப்ளூடூத் கிடையாது, வேணும்னா ஆர்1280டிபி (R1280DB)ன்னு கேளுங்க, அதுல ப்ளூடூத்தோட, டிவியில இருந்து ஒளி வழியா சத்தம் எடுக்கற ஆப்டிகலும் உண்டு. விலை கடைக்குக் கடை மாறும், விசாரிச்சுக்குங்க. 42 வாட்ஸ்தானான்னு யோசிக்காதீங்க, வாட்ஸ் ரெண்டு மடங்கானா கூடறது வெறும் 3 டெசிபல், காதுக்கு அது கொஞ்சூண்டு ஏத்தின மாதிரிதான் தெரியும். டப்பாவுல ஆயிரக்கணக்குல பிஎம்பிஓ வாட்ஸ்னு (ஒரு கணம் மட்டும் எட்டும்னு சொல்ற விளம்பரக் கணக்கு) போட்டிருக்கறத திரும்பிக்கூட பாக்காதீங்க, ஆர்எம்எஸ் எவ்வளவுன்னு மட்டும் கேளுங்க.

டிஏசி வேணும்னா கடைசியா வாங்கலாம், ஃபோன்ல ஹெட்ஃபோன் ஓட்டை இல்லாம ஒயர் போட்டு கேக்கணும்னா மட்டும். அதுக்கும் சார்ஜர் ஓட்டையில மாட்டற ஒரு சின்ன டைப் சி டாங்கிள் போதும், டிஏசி அதுக்குள்ளயே இருக்கும். ஆப்பிளோட டாங்கிள் அளவுல சின்னது, வேலையில சுத்தம், ஆனா ஆண்ட்ராய்டு ஃபோன்ல மாட்டினா சத்தம் ரொம்ப கம்மியா வர்ற தொந்தரவு இருக்கு, அதனால ஆண்ட்ராய்டு வச்சிருக்கறவங்க வேற கம்பெனி டாங்கிள் பாக்கறது நல்லது.

கேள்வி: பத்து பதினஞ்சு வருஷமா சேத்த எம்பி3 ஆயிரக்கணக்குல இருக்கு, எல்லாம் 128 கேபிபிஎஸ். மொத்தத்தையும் ஃப்ளாக்கா (எதையும் தூக்கிப் போடாம சுருக்கற ஃபைல் வகை) மாத்திட்டா குவாலிட்டி ஏறுமா?
- வாசகி, மதுரை

பதில்: ஏறாது மேடம், ஃபைல் சைஸ்தான் ஏறும். சிடியில ஓடறது 1,411 கேபிபிஎஸ், அத 128ஆ சுருக்கும்போது தூக்கிப் போட்டத எந்த சாஃப்ட்வேரும் திரும்பக் கொண்டு வர முடியாது. சாதத்த காய வச்சா அரிசி ஆயிடுமா, அந்தக் கதைதான். ஒரிஜினல் சிடி பரண்ல எங்கயாவது கிடந்தா மட்டும் அதுல இருந்து புதுசா ஃப்ளாக்ல ஏத்துங்க, விண்டோஸ்ல எக்ஸாக்ட் ஆடியோ காப்பின்னு ஒரு ப்ரோக்ராம் இலவசமா கிடைக்குது, கீறல் விழுந்த சிடியக்கூட திரும்பத் திரும்பப் படிச்சு பாக்கும். ஒரு சிடிக்கு 300, 400 எம்பி ஆகும், 1 டிபி ஹார்ட் டிஸ்க்ல ரெண்டாயிரம் சிடிக்கு மேல அடங்கும். வேற பாட்டு ஏதாவது ஏற்கனவே 320ல இருந்தா அத அப்படியே விட்ருங்க, அதுக்காக மெனக்கெட வேணாம்.

கேள்வி: லேப்டாப்ப ஆம்ப்ளிஃபயர்ல மாட்டினா 'ம்ம்ம்'னு ஒரு சத்தம். சார்ஜர பிடுங்கினா நின்னுடுது. ஸ்பீக்கர் போச்சா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஸ்பீக்கருக்கு ஒண்ணும் ஆகல. சார்ஜர பிடுங்கினா நிக்குதுன்னு நீங்களே கண்டுபிடிச்சுட்டீங்க, அது கிரவுண்ட் லூப். லேப்டாப்பும் ஆம்ப்பும் வேற வேற ப்ளக் பாயின்ட்ல இருந்து எர்த் எடுக்கும்போது ஆடியோ ஒயர் வழியா ஒரு சுத்து உண்டாகி நம்ம வீட்டு 50 ஹெர்ட்ஸ் கரண்ட் சத்தமா உள்ள வந்துருது. முதல்ல ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போடுங்க. நிக்கலன்னா கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்னு விரல் நீளத்துல ஒண்ணு கிடைக்கும், நூறு ரூபாய்க் கணக்குலதான் விலை, ஆடியோ ஒயருக்கு நடுவுல மாட்டிக்கலாம். மூணு பின் ப்ளக்ல எர்த் பின்ன உடைச்சு விட்டா சரியாயிடும்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க, அந்த பின் உங்க உயிர காப்பாத்த இருக்கறது.

கேள்வி: அப்பா வச்சிருந்த பழைய ஸ்பீக்கர் ரெண்டு, மரப் பொட்டி, நல்ல கனம். கோனைச் சுத்தி இருந்த ஸ்பாஞ்ச் தொட்டா பொடிப் பொடியா உதிருது. தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கறதா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: தூக்கிப் போடாதீங்க! இன்னிக்கு அந்த மாதிரி மரப் பொட்டி செய்ய எவ்வளவு ஆகும்னு ஒரு ஆசாரியக் கேட்டுப் பாருங்க. உதிர்றது ஃபோம் எட்ஜ், வயசானா எல்லா ஃபோமும் அப்படித்தான் ஆகும். கோன் கிழியாம, உள்ள காயில் கருகாம இருந்தா எட்ஜ் மட்டும் மாத்தினா போதும். ஸ்பீக்கர் ரிப்பேர் பண்றவங்க பண்ணித் தருவாங்க, சென்னைக்கு வர்றப்ப ரிச்சி ஸ்ட்ரீட்லயும் விசாரிக்கலாம், ஊஃபர கையோட எடுத்துட்டுப் போங்க, அளவு மாறினா ஒட்டாது.

அப்பாவோட ஆம்ப் ஓடுதுன்னா பின்னாடி ஆக்ஸ்ல ஃபோன மாட்டி கேளுங்க. ஓடலன்னா டிபிஏ3116 சிப் போட்ட குட்டி ஆம்ப் ஒண்ணு வாங்கி 24 வோல்ட் அடாப்டர் போடுங்க, 100 வாட்ஸ்னு எழுதியிருந்தாலும் 8 ஓம் ஸ்பீக்கருக்கு சுத்தமா வர்றது ஒரு 25 வாட்ஸ் பக்கம்தான், ஹாலுக்கு அதுவே தாராளம். விலை ஒசந்த ஸ்பீக்கர் கேபிள்லாம் வேணாம், எலக்ட்ரிக் கடையில 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் மீட்டர் கணக்குல வாங்கிக்குங்க.

மாட்டும்போது சிவப்பு கறுப்பு மாறக்கூடாது. ஒரு பக்கம் மட்டும் மாறிடுச்சுன்னா ஒரு கோன் வெளிய தள்ளும்போது இன்னொண்ணு உள்ள இழுக்கும், பேஸ் செத்துப் போய், குரல் நடுவுல நிக்காம அறை பூரா அலையும். பழைய பொட்டியில கலர் அழிஞ்சிருந்தா ஒரு பென்சில் பேட்டரிய எடுத்து ரெண்டு முனையிலயும் ஒரு நொடி தொட்டுப் பாருங்க, பெரும்பாலான ஊஃபர்ல கோன் வெளிய வந்தா ப்ளஸ் தொட்ட பக்கம் சிவப்பு. ரெண்டு பொட்டியையும் இதே மாதிரி பாத்து மார்க் போட்டுக்குங்க.

கேள்வி: டிவியில இருந்து ஆப்டிகல் ஒயர் போட்டு டிஏசில மாட்டினேன். சிவப்பு லைட் எரியுது, சத்தம் வரல.
- வாசகி, திருநெல்வேலி

பதில்: ஒயர் நுனியில லைட் வருதுன்னா ஒயர் பெரும்பாலும் நல்லா இருக்கு மேடம். டிவி சவுண்ட் செட்டிங்ல டிஜிட்டல் அவுட்புட்டுன்னு இருக்கும், அது பெரும்பாலும் டால்பியிலயோ பிட்ஸ்ட்ரீம்லயோ இருக்கும், சின்ன டிஏசிக்கு அது புரியாது. பிசிஎம்முக்கு (சுருக்காத சாதாரண டிஜிட்டல் சத்தம்) மாத்துங்க, உடனே பாடும். ஒயர் நுனியில இருக்கற பிளாஸ்டிக் மூடிய கழட்டிட்டீங்களான்னும் ஒரு தடவ பாத்துக்குங்க.