அத்தான் காரை ஓட்ட எனக்குத் தனிக் காப்புறுதி வேண்டுமா?

கேள்வி: ஈசூனில் வசிக்கிறேன். உரிமம் பெற்று எட்டு மாதம் ஆகிறது. சொந்தக் கார் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தானின் காரில் அம்மாவைத் தேக்காவுக்கு அழைத்துச் செல்கிறேன். எனக்கெனத் தனிக் காப்புறுதி எடுக்க வேண்டுமா? ஓய்வு நேரத்தில் அதே காரில் பொட்டலங்கள் விநியோகிக்கலாமா?

பதில்: தனியாக எடுக்கத் தேவையில்லை. சிங்கப்பூரில் காப்புறுதி காருக்கு எழுதப்படுகிறது. அதற்காக, கார் அத்தானுடையது, கவலையும் அவருடையது என்று இருந்துவிடாதீர்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி, அதாவது விபத்தில் பிறருக்கு நேரும் பாதிப்புக்கான காப்புறுதி, இல்லாத வாகனத்தை ஓட்டுவதும் குற்றம், ஓட்டக் கொடுப்பதும் குற்றம் என்கிறது 1960ஆம் ஆண்டுச் சட்டம். அபராதம் 1,000 வெள்ளி வரை, சிறை மூன்று மாதம் வரை, அல்லது இரண்டும். எனக்குப் பெரிதாகத் தெரிவது இவையல்ல, 12 மாத ஓட்டுநர் தடைதான். சிறப்புக் காரணம் காட்டாவிட்டால் அது வந்தே தீரும். ஓராண்டுத் தடை என்றால் உரிமம் செல்லாமல் போய், மறுபடி தேர்வு எழுத வேண்டும்.

ஆகவே சாவியை வாங்கும் முன் காப்புறுதிச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு இடங்களைப் படித்தால் போதும்: யார் ஓட்டலாம், எதற்காக ஓட்டலாம். உரிமையாளர் அனுமதித்த, உரிமமுள்ள எவரையும் சில ஒப்பந்தங்கள் ஏற்கும். சிலவற்றில் பெயர் இருந்தால்தான் உண்டு. உங்களை ஏற்றாலும், இரண்டாண்டு அனுபவம் இல்லாதவருக்கு ‘எக்சஸ்’, அதாவது சேதத்தில் நாமே கட்டும் முதல் பங்கு, பெரும்பாலும் கூடும். அதை யார் கட்டுவது என்று இப்போதே பேசிவைப்பது நல்லது. இன்னொன்று: நீங்கள் இடித்தாலும் குறைவது அத்தானின் ‘என்சிடி’, அதாவது இழப்பீடு கோராதவருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கிடைக்கும் கழிவு. 50 விழுக்காட்டில் இருப்பவர் ஒரே இழப்பீட்டுக் கோரிக்கையில் பொதுவாக 20க்கு இறங்கிவிடுவார். அக்காள் வீட்டில் அதன்பின் கிடைக்கும் உபசரிப்புக்குச் சட்டத்தில் பரிகாரம் இல்லை.

பொட்டல விநியோகம் வேண்டாம். சொந்த, குடும்பத் தேவைக்கான ஒப்பந்தங்கள் கூலிக்கு ஓட்டுவதைப் பெரும்பாலும் விலக்கிவைக்கும். அப்படியிருக்க ஓட்டினால் காப்புறுதியே இல்லாமல் ஓட்டியதாக ஆகலாம்; தெரிந்தே கொடுத்த அத்தானும் சேர்ந்து மாட்டுவார்.

கார் நிறுத்துமிடத்தில் லேசாக உரசினாலும் 24 மணி நேரத்துக்குள், அல்லது அடுத்த வேலை நாளுக்குள், காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஒப்பந்தம் அத்தான் பெயரில் இருப்பதால் முதல் அழைப்பு அவருக்குத்தான். பெயின்ட் பூசி மறைக்கும் யோசனை வேண்டாம்.