கண்ணாடியா, லென்ஸா: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எதில் சிக்கனம் பிடிக்கலாம், எதில் பிடிக்கக் கூடாது? இம்முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் இதையே சுற்றி வருகின்றன. பிரேமிலும் தேவையில்லாத கோட்டிங்கிலும் தாராளமாகப் பிடியுங்கள். அளவெடுப்பதிலும் லென்ஸ் கழுவும் சொலுஷனிலும் பிடிக்க வேண்டாம்.

கண்ணாடிக்கு எழுதித் தந்த துண்டில ரெண்டு கண்ணும் -6.00. அதைக் காட்டியே கொன்டாக்ட் லென்ஸ் வாங்கலாமா? – களுவாஞ்சிக்குடி வாசகி

வாங்கக் கூடாது தங்கச்சி. கண்ணாடி உங்கள் கண்ணிலிருந்து ஏறத்தாழ 12 மில்லிமீற்றர் தள்ளி நிற்கிறது, லென்ஸ் கண்ணிலேயே உட்காருகிறது. இந்த இடைவெளி இல்லாமற்போனதும் பவர் மாறிவிடும். கணக்குப் போட்டால் -6.00 கண்ணாடிக்கு -5.60 வரும், கிடைப்பது -5.50தான். -6.00 லென்ஸையே போட்டால் தூரம் தெளிவாகத் தெரியும், ஆனால் பாடப் புத்தகம் வாசிக்கும்போது நெற்றி வலிக்கும். 4.00க்குக் குறைந்த பவர் என்றால் வித்தியாசம் கணக்கில் எடுக்கும் அளவுக்கு இராது. பிளஸ் பவர்காரருக்குக் கணக்கு எதிர்ப்பக்கம்: லென்ஸில் பவர் கூடும்.

பவர் மட்டும் போதாது. லென்ஸ் பெட்டியில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கும்: வளைவு (பெரும்பாலும் 8.4 முதல் 8.8 வரை), விட்டம் (14.0 முதல் 14.5 வரை). உங்கள் கருவிழியின் வளைவை அளந்து, சோதனை லென்ஸ் ஒன்றைப் போட்டு, 15 முதல் 20 நிமிடம் இருக்கவிட்டு, பிறகு சிலிட் லாம்பில் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) பார்க்க வேண்டும். கண் சிமிட்டும்போது லென்ஸ் கொஞ்சம் அசைய வேண்டும். இறுக்கமான லென்ஸ்தான் ஏமாற்றும்: போட்டவுடன் சுகமாக இருக்கும், நாலைந்து மணித்தியாலத்தில் கண் சிவந்து, கழற்றினால் வெள்ளை விழியில் வளையம் பதிந்திருக்கும். சிமிட்டியதும் மங்கி, பிறகு தெளிந்தால் லென்ஸ் தளர்வு. சிமிட்டிய கணம் தெளிந்து, பிறகு மங்கினால் இறுக்கம். இதைக் கவனித்து அங்கேயே சொல்லுங்கள். "பழகப் பழகச் சரியாகும்" என்று பதில் வந்தால் வேறு கடை பாருங்கள்.

துண்டில் சிலிண்டர் (கருவிழி சீரான உருண்டையாக இல்லாததைத் திருத்தும் பவர்) -0.75 அல்லது அதற்கு மேல் என்றால், அதையும் திருத்தும் டோரிக் லென்ஸ் கேளுங்கள். விலை கூடத்தான், ஆனால் சாதாரண லென்ஸில் எழுத்துக்கு நிழல் விழுவது நிற்காது.

கடையை விட்டு வெளிக்கிட முன்பு நீங்களே போட்டு, நீங்களே கழற்றிக் காட்ட வேண்டும். போடுவதை விடக் கழற்றுவதில்தான் முதல் இரவு தடுமாற்றம் வரும். மேலே பார்த்து, நடுவிரலால் கீழ் இமையை இழுத்து, சுட்டுவிரல் நுனியால் லென்ஸை வெள்ளை விழிக்கு இறக்கி, பிறகு கிள்ளி எடுங்கள். கருவிழியின் மேல் வைத்து ஒருபோதும் கிள்ள வேண்டாம், நகம் கீறிவிடும். முதல் நாள் 4 மணித்தியாலம். பிறகு நாளுக்கு ஒன்றிரண்டு மணித்தியாலம் கூட்டி, 10 அளவில் நிறுத்துங்கள். ஒரு கிழமையில் லென்ஸ் போட்டபடியே போய்த் திரும்பக் காட்டுங்கள்.

சொலுஷன் முடிஞ்சா கொதிச்சாறின தண்ணியில வெச்சா என்ன? குழாய்த் தண்ணியில குளோரின் இரிக்கிதானே? – ஏறாவூரிலிருந்து

இரண்டும் வேண்டாம். கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், வாவி, கடல் எல்லாவற்றிலும் அகந்தமீபா என்றொரு ஒற்றை உயிரணுக் கிருமி இருக்கலாம். அது கூடு கட்டி உட்கார்ந்துவிட்டால், குழாயில் வரும் அளவு குளோரினுக்கு மசியாது. லென்ஸுக்கும் கருவிழிக்கும் இடையில் மாட்டிக்கொண்டால் மாதக் கணக்கில் மருந்து ஊற்ற வேண்டி வரும், பார்வையும் போகலாம். கொதிக்கும்போது கிருமி செத்தாலும், ஆறும் நேரத்தில் கோப்பையிலிருந்தும் கையிலிருந்தும் புதிது சேரும். அதோடு, தண்ணீரில் கண்ணீர் அளவுக்கு உப்பு இல்லை. லென்ஸ் ஊதி, கண்ணில் ஒட்டிப் பிடிக்கும். சேலைன் போத்தலும் இதற்கு மாற்று அல்ல. அது அலசத்தான், கிருமியைக் கொல்லாது.

சொலுஷன் முடிந்த இரவு லென்ஸை வீசிவிட்டுக் கண்ணாடியைப் போடுங்கள். அதனால்தான் லென்ஸ் போடுகிறவருக்கும் சரியான பவரில் ஒரு கண்ணாடி வீட்டில் இருக்க வேண்டும் என்கிறோம்.

செய்முறை இதுதான். சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, நூல் உதிராத துணியில் துடைத்துக் காய விடுங்கள். லென்ஸை உள்ளங்கையில் வைத்து, சொலுஷன் சில துளி விட்டு, பக்கத்துக்கு 20 செக்கன் அளவு விரலால் தேயுங்கள். "தேய்க்கத் தேவையில்லை" என்று போத்தலில் போட்டிருந்தாலும் தேயுங்கள். அழுக்கில் பெரும்பகுதி தேய்ப்பதில்தான் போகிறது. அலசி, புதுச் சொலுஷன் நிரப்பிய டப்பாவில் போத்தல் சொல்லும் நேரம், வழமையாக 4 முதல் 6 மணித்தியாலம், ஊற விடுங்கள். காலையில் டப்பாவிலுள்ளதை ஊற்றிவிட்டு, சொலுஷனாலேயே அலசி, கவிழ்த்துக் காய வையுங்கள். நேற்றையதற்கு மேல் இன்று கொஞ்சம் சேர்த்து நிரப்புவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை: மருந்தின் வீரியம் போய், டப்பாவே கிருமிப் பண்ணையாகும். டப்பாவை 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒழுங்காகப் பாவித்தால் நாளுக்கு ஏறத்தாழ 10 மில்லிலீற்றர் போகும், அதாவது மாதம் ஒரு பெரிய போத்தல். லென்ஸ் கட்டுபடியாகுமா என்று பார்க்கிறவர்கள் இந்தச் செலவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

லென்ஸோடு வுழூச் செய்வது (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவது) பற்றியும் கேட்டிருந்தீர்கள். கண்ணை இறுக மூடி முகம் கழுவலாம். இமையை ஒற்றித் துடைத்த பிறகு கண்ணைத் திறவுங்கள். பாசிக்குடாவில் குளிக்கப் போனால் லென்ஸைக் கழற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

கல்லடிப் பாலத்தால மோட்டார் சைக்கிள்ல போகக்குள்ள லென்ஸ் காயுது. மறுகா வேலைக்குப் போனா ஏசி.

ஹெல்மெட்டின் முகக்கண்ணாடியை இறக்கி ஓட்டுங்கள், பாதிப் பிரச்சினை தீரும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் லென்ஸ் நேரத்தைக் குறைப்பது நல்லது. லென்ஸ் மேல் விடலாம் என்று எழுதியிருக்கும் ஈரத்துளி மருந்தை மட்டும் விடுங்கள். சிவப்பை எடுக்கும் துளி மருந்து வேறு சாமான், அதை லென்ஸோடு பாவிக்கக் கூடாது.

கலியாணத்துக்கு ஒரு நாளைக்கு மட்டும் கலர் லென்ஸ். கூட்டாளிட லென்ஸ் புதுசு மாதிரித்தான் இரிக்கி, அதைப் போடலாமா? – அக்கரைப்பற்று

அடுத்தவர் போட்ட லென்ஸ் எத்தனை தரம் கழுவினாலும் வேண்டாம். மேக்கப் செய்கிறவர் பெட்டியிலிருந்து எடுத்துத் தருவதும் அப்படித்தான். பவர் இல்லாத கலர் லென்ஸுக்கும் வளைவு பார்க்க வேண்டும். சீல் உடையாத, திகதி முடியாத, ஒரே நாள் பாவிக்கும் லென்ஸாக வாங்கி, கலியாணத்துக்கு ஒரு கிழமை முந்தி ஒரு சோடியைப் போட்டுப் பாருங்கள். அன்றைக்கு முதலில் லென்ஸ், பிறகு மேக்கப். இரவு முதலில் லென்ஸைக் கழற்றி, பிறகு மேக்கப்பை எடுங்கள். எவ்வளவு களைப்பானாலும் போட்டபடி படுக்க வேண்டாம்: லென்ஸோடு உறங்கினால் கருவிழியில் கிருமி தொற்றும் வாய்ப்பு 6 முதல் 8 மடங்கு கூடும்.

கண் வலித்து, சிவந்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால் லென்ஸைக் கழற்றி, திரும்பப் போடாமல், அன்றைக்கே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ அம்பாறை பொது வைத்தியசாலைக்கோ போங்கள். லென்ஸையும் டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள். எந்தக் கிருமி என்று அதிலிருந்து கண்டுபிடிக்கலாம்.

-2.25 பவர். ஒரு கடையில சொன்ன விலைக்கு இன்னொரு கடையில ரெண்டு கண்ணாடி வாங்கலாம். என்ன வித்தியாசம்? – காத்தான்குடி

பெரும்பாலும் பிரேமின் பெயரும், நீங்கள் கேட்காத கோட்டிங்கும்தான். முதல் பரிசோதனையை அரச வைத்தியசாலைக் கண் கிளினிக்கில் இலவசமாகச் செய்யலாம். காத்திருக்க வேண்டும்தான், ஆனால் கையில் வரும் துண்டோடு எந்தக் கடைக்கும் போகலாம்.

உங்கள் பவருக்குச் சாதாரண 1.50 அல்லது 1.56 பிளாஸ்டிக் போதும் (இந்த எண் கூடக் கூடக் கண்ணாடி மெல்லியதாகும்). மெல்லியது என்று 1.67ஐ விற்கப் பார்ப்பார்கள், -6.00க்கு அது பிரயோசனம், உங்களுக்கு வித்தியாசமே தெரியாது. ஓரத் தடிப்பைக் குறைக்கக் காசில்லாத வழி, சின்னப் பிரேம். கீறல் தாங்கும் பூச்சும் வெளிச்சம் தெறிக்காத பூச்சும் கேளுங்கள், இரவில் எதிரே வரும் லைட்டுக்கு இரண்டாவது உதவும். நீல வெளிச்சத்தைத் தடுக்கும் புளூ கட் பூச்சுக்குக் காசு கொடுக்க வேண்டாம். திரை பார்ப்பதால் வரும் கண் களைப்பை அது குறைப்பதாகத் தெரியவில்லை என்று 2023இல் வந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் சொல்கிறது.

சிக்கனம் பிடிக்கக் கூடாத இடம், இரு கருமணிகளுக்கும் இடையிலான தூரம். கடையில் பி.டி. என்பார்கள். பெரியவர்களுக்கு அநேகமாக 54க்கும் 74க்கும் இடையில் இருக்கும். பிரேமின் காதுக் கம்பிக்குள் 50, 18, 140 என்று எழுதியிருக்கும்: கண்ணாடி அகலம், மூக்குப் பாலம், கம்பி நீளம். 50ஐயும் 18ஐயும் கூட்டினால் 68. உங்கள் பி.டி. 62 என்றால், பவரின் மையத்தைப் பக்கத்துக்கு 3 மில்லிமீற்றர் மூக்குப் பக்கம் நகர்த்திக் கண்ணாடியை வெட்ட வேண்டும். நகர்த்தாமல் வெட்டினால் கண் இழுக்கும், பின்னேரம் தலையிடிக்கும். பவர் கூடக் கூட இது மோசமாகும்: -5.00இல் 4 மில்லிமீற்றர் பிசகினால் 2 பிரிசம் (வெளிச்சம் பக்கவாட்டில் விலகுவதை அளக்கும் அலகு) அளவு கண் உழைக்க வேண்டும். அந்தக் கூட்டுத்தொகையும் உங்கள் பி.டி.யும் நெருங்கிய பிரேமைத் தேர்ந்தால் பிழைக்கு இடம் குறைவு. கண்ணாடி கைக்கு வந்ததும், கடையிலேயே லென்சோமீற்றரில் வைத்துப் பவரையும் மையத்தையும் உங்கள் முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். சரியாகச் செய்த கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார்.

பழைய பிரேம் உறுதியாக இருந்தால் கண்ணாடியை மட்டும் மாற்றுங்கள். ஆனால் காய்ந்து வெளிறிய பிளாஸ்டிக் பிரேம் மாற்றும்போது உடையலாம். யார் பொறுப்பு என்பதை முதலே பேசிவிடுங்கள்.

வாப்பாக்கு 58 வயசு, சீனி வருத்தம். சந்தையில வாசிப்புக் கண்ணாடி ஒண்டு வாங்கிக் குடுத்தா போதுமா? – சம்மாந்துறை

ரெடிமேட் கண்ணாடியில் இரு பக்கமும் ஒரே பவர், சிலிண்டர் கிடையாது. தூரம் நன்றாகத் தெரிகிறவருக்கு 45 வயதளவில் +1.50, 60 அளவில் +2.50 சரிவரும். வாப்பாவுக்கு நாங்கள் அதைச் சொல்ல மாட்டோம். சீனி ஏறி இறங்கும்போது கண்ணின் பவரும் சேர்ந்து மாறும். இன்று எடுத்த கண்ணாடி, சீனி கட்டுப்பட்ட பிறகு பொருந்தாது. சில கிழமை சீனியை நிலையாக வைத்து, பிறகு அளவெடுங்கள். அதே வேளை விழித்திரையையும் மருந்து விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், வருடத்துக்கு ஒருமுறை. கண்ணாடியில்லாமலே திடீரென்று பத்திரிகை வாசிக்கத் தொடங்கினால் சந்தோஷப்பட வேண்டாம். கண்புரை முற்றுவதன் அடையாளமாக இருக்கலாம்.

மகனுக்கு -1.00. கண்ணாடி போட்டா பவர் கூடிப் போகும் எண்டு மாமி சொல்றா.

கூடுவது கண் வளர்வதால். கண்ணாடி போடாவிட்டாலும் கூடும். குறைத்துப் போடுவதாலும் நன்மை இல்லை. தினமும் வெளியில் விளையாட விடுங்கள், அது உண்மையில் உதவும். உடையாத பொலிகாபனேற் கண்ணாடி கேளுங்கள்.

அறுவடை மெசின்ல வேலை. லென்ஸ் போடலாமா?

வேண்டாம். பக்கம் மூடிய கண்ணாடி போடுங்கள். நெல்லின் சுனையோ வைக்கோலோ கண்ணில் கீறினால் பூஞ்சணம் பிடிக்கலாம். தாய்ப்பால் விடுவது, பார்மசியில் கேட்டு ஸ்டெரொயிட் துளி விடுவது இரண்டும் அதை மோசமாக்கலாம்.

கண்ணாடியில சிலந்தி வலை மாதிரி வெடிப்பு. துடைச்சாலும் போகுதில்ல.

பூச்சு வெடித்திருக்கிறது, திருத்த முடியாது. மோட்டார் சைக்கிள் சீற்றுக்குள் வைத்து வெயிலில் விட்டால் அப்படித்தான். அடுத்த கண்ணாடியைப் பெட்டியில் வைத்துக் கையோடு கொண்டுபோங்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளியும் பச்சைத் தண்ணீரும் விட்டுக் கழுவி, பருத்தித் துணியால் ஒற்றுங்கள். கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்கள் உலோகப் பிரேமின் திருகாணி துருப்பிடிக்காமல் இப்படி அடிக்கடி கழுவுவது நல்லது.